பூனைக்கு எப்படிக் காயம் பட்டது?

வேலூர் வெயிலில், அதுவும் கத்திரி சமயத்தில், திறந்த புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். அதனால் பூனையின் காயத்தை அன்றைக்கே முடியை விலக்கிப் பாருங்கள். ஊசி குத்தியது போலச் சின்ன ஓட்டைகள் தெரிந்தால் பெரும்பாலும் வேறொரு பூனை கடித்திருக்கும். மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் கோர்த்து இரண்டு மூன்று நாளில் வீங்கிச் சுடும். முகம், முன்கால் என்றால் எதிர்த்து நின்றிருக்கிறது. வாலடியில் என்றால் ஓடும்போது வாங்கியது.

நகங்கள் பிய்ந்து கிரீஸ் கறையும் இருந்தால் வண்டி மோதியிருக்கலாம். வெளியே வெறும் சிராய்ப்புதான் என்றாலும் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். நாய்க்கடி என்று சந்தேகம் வந்தால் வெறிநோய்த் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். அப்புறம், பாவம் வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம்.