பபிண்டா மழைக்காட்டுக்குப் போகுமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், கெய்ன்ஸ் நகரிலிருந்து தெற்கே சுமார் 60 கி.மீ. தொலைவில் பபிண்டா இருக்கிறது. ஆண்டுக்கு 4,000 மி.மீ.க்கு மேல் மழை பெறும் சிற்றூர். கடலிலிருந்து வரும் தென்கிழக்குக் காற்று பெல்லண்டன் கெர், பார்ட்டில் ஃப்ரியர் மலைகளில் மோதி மேலேறிக் குளிர்ந்து கொட்டுவதுதான் காரணம். பெல்லண்டன் கெர் உச்சியில் பெய்வது ஊரில் பெய்வதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த வித்தியாசத்தை மறப்பதுதான் இங்கே வருபவர்கள் செய்யும் பெரிய தவறு.

தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தால் ஓடையில் இறங்கலாம் என்று நினைக்கிறார்கள். நீங்கள் குளிக்கும் இடத்தில் ஒரு துளிகூட விழாமலிருக்க, மேலே மலையில் கொட்டிய மழை சில நிமிடங்களில் வெள்ளமாக வந்து சேரும். ஜோசஃபின் அருவியில் இது அடிக்கடி நடக்கிறது. தெளிந்த நீர் கலங்குவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது, நின்றிருந்த பாறையின் விளிம்பு மறைவது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே கரையேறுங்கள். உடைமைகள் எதிர்க்கரையில் இருந்தால் அங்கேயே கிடக்கட்டும். முகில் மலையை மூடியிருக்கும் நாளில் இறங்கவே வேண்டாம்.

பெரும்பாறைகளுக்கு இடையே ஓடை பாயும் பபிண்டா போல்டர்ஸில் ஆபத்து வேறு வகை. மேல்புறத்தில் குளிப்பதற்கென்று ஒதுக்கிய அமைதியான மடு இருக்கிறது, அதோடு நில்லுங்கள். கீழே டெவில்ஸ் பூல் பக்கம் பாறைகளுக்கு இடையிலும் அடியிலும் நீர் உறிஞ்சப்படுகிறது. நன்றாக நீந்தத் தெரிந்தவரும் பாறை இடுக்கில் அழுத்தப்பட்டால் வெளியே வர முடியாது. பலர் இறந்த இடம் அது. வேலியைத் தாண்டிப் படம் எடுக்கப் போய், பாசி படர்ந்த பாறையில் வழுக்கி விழுந்தவர்களும் உண்டு. பார்வை மேடையிலிருந்தே படம் நன்றாக வரும்.

பருவக் கணக்கிலும் பிசகு நேர்கிறது. தென் அரைக்கோளத்தில் டிசம்பர் கோடைதான், ஆனால் இங்கே அதுவே மழைக்காலம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நெடுஞ்சாலையே வெள்ளத்தில் மூடப்படலாம். விமானத்தைப் பிடிக்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவே கெய்ன்ஸ் திரும்பிவிடுங்கள். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை ஓரளவு வறண்டிருக்கும், 'ஓரளவு' மட்டுமே. நீர் ஓடும் தரைப்பாலத்தில் காரை விடாதீர்கள். 15 செ.மீ. ஓட்டமே சிறிய காரை நகர்த்திவிடும். வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பல, நீரால் வரும் சேதத்தை ஏற்பதில்லை.

காட்டுப் பாதையில் இதய வடிவ, பல்விளிம்பு இலை கொண்ட கிம்பி-கிம்பி செடியைத் தொடாதீர்கள். வெயில் விழும் இடைவெளிகளிலும் பாதையோரத்திலும்தான் வளரும். காஞ்சொறி போல அரிப்போடு நிற்காது. கண்ணாடித் தூள் போன்ற முடிகள் தோலில் தங்கி, வாரக்கணக்கில் வலி தரலாம். பட்டால் தேய்க்கக் கூடாது. முடி அகற்றும் மெழுகுப் பட்டையை ஒட்டி இழுத்து எடுப்பதே வழக்கம்.

பறக்காத பெரும் பறவையான கசோவரிக்கு உணவு போடுவது சட்டப்படி குற்றம். மனிதரிடம் பயம் விட்ட பறவை சாலைக்கு வந்து வண்டியில் அடிபடும். எதிரே வந்தால் ஓடாமல், பையை முன்னால் பிடித்தபடி மெல்லப் பின்வாங்குங்கள்.

ஓடையைவிடக் கடற்கரை பாதுகாப்பானது என்றும் எண்ண வேண்டாம். நவம்பர் முதல் மே வரை கொடிய நஞ்சுள்ள பெட்டி ஜெல்லிமீன் உலவும். கழிமுகங்களில் முதலை எல்லா மாதமும் உண்டு. ஜெல்லிமீன் கொட்டினால் குறைந்தது 30 விநாடி வினிகர் ஊற்றி, 000 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.

பார்ட்டில் ஃப்ரியர் உச்சிக்குப் போய்வர சுமார் 15 கி.மீ. தூரம்; ஏற்றமோ ஏறக்குறைய 1,500 மீட்டர். தூரத்தை மட்டும் பார்த்து மதியம் கிளம்பாதீர்கள். ஒரு முழுப் பகல் ஆகும்.

ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது, தொடை உரசும். குடையைவிட விரைவில் உலரும் சட்டையும் பிடிப்புள்ள காலணியும் உதவும். குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை வெளியே எடுத்துச் செல்லும்போது, மூடிய பையிலேயே அரை மணி நேரம் விடுங்கள். இல்லையேல் லென்ஸில் ஈரம் படர்ந்து படங்கள் மங்கிவிடும்.