பழைய சீனப் பாய்க்கப்பல் படம் வாங்கப் போகிறீர்களா?

மும்பையில் என்றால் சோர் பஜாரின் மட்டன் தெருவில் தொடங்கலாம். வெள்ளிக்கிழமை அங்கே பழம்பொருள் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், அதனால் வேறு நாளில், நல்ல வெளிச்சம் இருக்கும்போதே போங்கள். கையில் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்று கட்டாயம்.

முதல் வேலை, படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிக் காட்டச் சொல்வது. மறுத்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். லென்ஸை வானத்துப் பகுதியில் வைத்துப் பாருங்கள்: ஒழுங்கான வரிசையில் குட்டிக் குட்டிப் புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால அச்சுப் பிரதி. செம்பு, எஃகுத் தகட்டில் செதுக்கி அச்சடித்ததில் கோடுகள் கூர்மையாக இருக்கும், ஓரம் வெட்டப்படாமல் இருந்தால் தகடு அழுத்திய பள்ளமும் விரலுக்குத் தட்டுப்படும். பின்பக்கம் ஆங்கிலச் செய்தி இருந்தால் தயங்க வேண்டாம், 1842இல் தொடங்கிய இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் போன்ற பத்திரிகைத் தாளாக இருக்கலாம்.

அப்புறம் கப்பலையே பாருங்கள், எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம் இதுதான். பாயின் குறுக்கே மூங்கில் கழிகள், உயர்ந்த பின்புறம், சிலவற்றில் முகப்பில் தீட்டிய கண்கள், ஓட்டை போட்ட பெரிய சுக்கான். கீயிங் என்ற பெயர் கண்ணில் பட்டால் விடாதீர்கள்; 1846இல் ஹாங்காங்கிலிருந்து கிளம்பி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, நியூயார்க் போய், 1848இல் லண்டன் சேர்ந்த கப்பல் அது.

சரி, வாங்கியாயிற்றா? மும்பை மழைக்காலத்தில் ஈரச் சுவரில் மாட்டவே மாட்டாதீர்கள், அமிலமில்லாத அட்டை வைத்துச் சட்டம் போடுங்கள்.