வீசைக் கணக்கும் என் பேரனும்

பர்மாவில், மோல்மீன் ஊரில் முப்பது வருஷம் பலசரக்குக் கடை வைத்திருந்தேன். இப்போது தராசு மகன் கையில். என் பொறுப்பு, சாயங்காலம் பேரனின் கணக்கு நோட்டு. பள்ளிக்கூடத்தில் எல்லாமே பர்மியம்; வாய்ப்பாடுகூட அவனுக்குப் பர்மியத்தில்தான் வரும். கூட்டல், பெருக்கலில் என்னைவிட வேகம். வாக்கியமாக ஒரு கணக்கு வந்துவிட்டால் மட்டும் பென்சிலைக் கடிக்க ஆரம்பிப்பான். உங்கள் வீட்டுப் பிள்ளையும் அப்படித்தான் என்றால், நாங்கள் செய்வதைச் செய்து பாருங்கள்.

முதலில் பென்சிலைப் பிடுங்கி வைத்துவிடுங்கள். கணக்கை இரண்டு தடவை படித்து, புத்தகத்தை மூடிவிட்டு, வீட்டுத் தமிழில் கதையாகச் சொல்லட்டும். போன வாரம் நான் கொடுத்த கணக்கு இது: வெங்காயம் வீசை 3,200 சாட். ஒரு பெண் 2 வீசை 5 சாத்தா வாங்கி, 10,000 சாட் நோட்டு கொடுக்கிறாள். மீதி எவ்வளவு?

"ஒரு அம்மா வெங்காயம் வாங்குது தாத்தா. பத்தாயிரம் குடுக்குது."

"சரி, வாங்கிட்டு ஏன் இன்னும் நிக்குது?"

"மீதிக் காசுக்கு."

அதுதான் கேள்வி. பக்கத்தின் அடியில் முதலிலேயே 'மீதி = ... சாட்' என்று எழுத வைத்துவிடுவேன். நிறையப் பிள்ளைகள் வெங்காய விலை வந்ததும் கோடு போட்டு முடித்துவிடுகிறார்கள். அந்த அம்மா கடை வாசலிலேயே நிற்கிறாள்.

அடுத்தது, எண்ணுக்குப் பக்கத்தில் அதன் அளவை எழுதுவது. சாட் பணம், சாத்தா எடை. இரண்டும் ஒரே பர்மியச் சொல்லில் கிளைத்தவை, பிள்ளைகள் குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம். 100 சாத்தா ஒரு வீசை, ஏறக்குறைய 1.63 கிலோ. (வீசை நம் சொல்தான். பழைய மதராஸ் வீசை 40 பலம், சுமார் 1.4 கிலோ. இங்கே வந்து கொஞ்சம் சதை போட்டிருக்கிறது.)

கணக்குப் போடுவதற்கு முன்னால் ஓர் உத்தேசம் வேண்டும். 2 வீசைக்கு 6,400. 5 சாத்தா என்பது ஒரு வெங்காயம்தான். அப்படியென்றால் விலை 6,500 சொச்சம், மீதி 3,500க்குக் கொஞ்சம் கீழே. இதை ஓரத்தில் குறித்து வைக்கச் சொன்னேன்.

அப்புறம்தான் பென்சிலைக் கொடுத்தேன். பயல் 2.5 × 3,200 = 8,000 என்று போட்டான். பெருக்கலில் தப்பில்லை, அதனால் அடிக்கவில்லை. "ஒரு வெங்காயம் 1,600 சாட் விக்குதாடா?" என்று மட்டும் கேட்டேன். ஓரத்துக் குறிப்பைப் பார்த்தான், சிரித்தான், அழித்தான். 5 சாத்தா 0.5 வீசை இல்லை, 0.05. புள்ளி குழப்பினால் புள்ளியே வேண்டாம்:

1 சாத்தா: 3,200 ÷ 100 = 32 சாட்
5 சாத்தா: 5 × 32 = 160 சாட்
2 வீசை: 2 × 3,200 = 6,400 சாட்
மொத்த விலை: 6,400 + 160 = 6,560 சாட்
மீதி: 10,000 − 6,560 = 3,440 சாட்

ஒரு வரியில் ஒரு வேலைதான். '2 × 3,200 = 6,400 + 160 = 6,560' என்று ரயில் மாதிரி கோத்துக்கொண்டே போவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். இரண்டு மூவாயிரத்து இருநூறு எப்போது 6,560 ஆனது?

சரிபார்க்கக் கடைக்காரன் வழியையே பிடியுங்கள். 6,560இலிருந்து ஏறுங்கள்: 40 கொடுத்தால் 6,600, இன்னொரு 400 கொடுத்தால் 7,000, அதன்மேல் 3,000 கொடுத்தால் 10,000. கொடுத்தது 3,440. அந்த அம்மா வீட்டுக்குப் போகலாம்.

வகுத்தல் கணக்கில் மீதி வந்தால் அது என்ன பொருள் என்று கேளுங்கள். ஒரு கூடை அரிசி 16 பியீ, ஒரு பியீ 8 பால் டப்பா. தினம் 5 டப்பா சமைத்தால் ஒரு கூடை எத்தனை நாள் வரும்? 16 × 8 = 128 டப்பா. 128 ÷ 5 என்றால் ஈவு 25, மீதி 3. பேரன் முதலில் '25.6 நாள்' என்று எழுதினான். புள்ளி ஆறு நாள் எப்படிச் சாப்பிடுவாய் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு மாற்றி எழுதினான்: '25 நாள் சோறு. 26ஆம் நாள் 3 டப்பா, கஞ்சி.'