காலையில் பத்துமலை, நண்பகலில் பிரிக்பீல்ட்ஸ்

தமிழ்நாட்டிலிருந்து உறவினர் வந்தாலும் ஈப்போவிலிருந்து தோழி வந்தாலும் கோலாலம்பூரில் நான் அவர்களுக்குக் காட்டும் முதல் நாள் ஒரே மாதிரிதான். விடிந்ததும் பத்துமலைக் குகை. வெயில் ஏறுவதற்குள் இறங்கி, ரயிலேறி இந்தியர் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம். அங்கே பார்வையற்ற ஒருவரின் கைகளில் ஒரு மணி நேரம் உடம்பை ஒப்படைப்பது. அதற்குப் பிறகே வாழையிலைச் சாப்பாடு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். நான் மாற்றிப் பார்த்திருக்கிறேன். மசாஜை முதலில் முடித்துக்கொண்டு மலையேறினால், தளர்ந்த தசையோடு படியில் கால் நிலைகொள்ளாது. சாப்பிட்டுவிட்டு மசாஜுக்குப் போனால், குப்புறப் படுத்த ஐந்தாவது நிமிடமே எழுந்துவிடத் தோன்றும்.

தமிழ்ப்பள்ளியில் முப்பது ஆண்டுகள் நின்றபடியே அறிவியல் பாடம் நடத்திய கால்கள் என்னுடையவை. இடது முழங்கால் தேய்ந்திருக்கிறது. என்னால் முடிகிறதென்றால் பெரும்பாலோராலும் முடியும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை நாட்களை விட்டுவிட்டு வார நாளில் போங்கள். தைப்பூசத்தை ஒட்டிய நாட்கள் வேண்டவே வேண்டாம். அப்போது மலைக்குப் போவது நேர்த்திக்கடனுக்காக. அது வேறு பயணம், வேறு மனநிலை. பருத்தி உடை, முழங்காலை மறைப்பதாக இருக்கட்டும். இல்லையென்றால் படியடியில் கைலி வாடகைக்கு எடுத்துக் கட்டிக்கொள்ளச் சொல்வார்கள். காலுக்கு வழுக்காத அடிப்பாகமுள்ள காலணி அவசியம். குகைத்தரை ஆண்டு முழுவதும் ஈரம்.

நகரின் முதன்மை ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலில் ஏழு மணி வாக்கில் கே.டி.எம். கொமுட்டர் என்னும் புறநகர் ரயிலைப் பிடியுங்கள். எதிர்த்திசை ரயில் தெற்கே புலாவ் செபாங் வரை போய்விடும், ஆகவே பலகையில் ‘பத்து கேவ்ஸ்’ என்றிருப்பதைப் பார்த்து ஏறுங்கள். சுமார் அரை மணி நேரத்தில் கடைசி நிலையம். முன்கூட்டியே பணம் ஏற்றிவைக்கும் டச் அண்ட் கோ அட்டை இருந்தால் டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. பெண்களுக்கெனத் தனிப்பெட்டி உண்டு. வெளியூரிலிருந்து தனியாக வரும் பெண்களுக்கு அதைக் கட்டாயம் சொல்லுங்கள். இந்த ரயில், நகருக்குள் ஓடும் எல்.ஆர்.டி. ரயில் போல அடுத்தடுத்து வராது. ஒன்றைத் தவறவிட்டால் அரை மணி, சில வேளை அதற்கும் மேல் காத்திருக்க வேண்டும். இறங்கியவுடன் திரும்பும் ரயிலின் நேரத்தைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பத்துமலை நிலையம் திறந்தது 2010இல்தான். அதற்கு முன் பஸ்ஸில் நெரிபட்டுப் போனவள் நான். நிலையத்து வாசலிலிருந்தே மலை தெரியும்போது இன்றும் மனம் நிறைகிறது.

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் பச்சை நிற அனுமார் நிற்பார். ஐம்பது அடி உயரம். அவருக்குப் பின்னால்தான் இராமாயணக் குகை. அதைத் தாண்டி நேராகப் பெரிய படிக்கட்டுக்கு நடந்துவிடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் படிகளில் வெயில் ஏறத் தொடங்கிவிடும். கீழ்க்குகைக்கு வெயில் ஒரு பொருட்டே இல்லை, அது காத்திருக்கும்.

படிகள் 272. இந்தக் குகையில் முருகனுக்குக் கோயில் எழ 1891இல் வழிசெய்தவர் கோலாலம்பூர் வணிகர் தம்புசாமிப் பிள்ளை. குகைவாயில் வேலின் வடிவாக அவர் கண்ணுக்குப் பட்டதென்று சொல்வார்கள். அடுத்த ஆண்டிலிருந்து இங்கே தைப்பூசம் நடக்கிறது. 1920இல் மரப்படி போட்டார்கள், பிறகு சிமெண்டுப் படி வந்தது, 2018இல் வண்ணம் பூசினார்கள். 140 அடி முருகன் சிலை 2006இல் வந்தது. சிலையைப் படமெடுக்க விரும்புகிறவர்கள் ஏறும் முன் எடுத்து முடித்துவிடுங்கள். இறங்கி வரும்போது கூட்டமும் இருக்கும், கண் கூசும் வெயிலும் இருக்கும்.

ஏறுவதற்கு அவசரம் வேண்டாம். படிகள் செங்குத்து, சில குறுகல்; முழுப் பாதமும் பதியாத இடத்தில் காலைச் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். கைப்பிடியை விடாதீர்கள். மூச்சு வாங்கினால் ஓரமாக நில்லுங்கள், பின்னால் வருகிறவர் கடந்து போவார். கையில் உணவும் பிளாஸ்டிக் பையும் கூடாது. குரங்குகளுக்குப் பையின் சரசரப்பே போதும். ஒருமுறை என் அண்ணி அர்ச்சனைத் தட்டுக்கான பழத்தைப் பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டு ஏறினார். பாதிப் படியில் ஒரு பெரிய ஆண் குரங்கு பையைப் பற்றியது. அவர் விடாமல் இழுத்ததில் நிலை தடுமாறினார். நல்லவேளையாகப் பின்னால் வந்த இளைஞர் தாங்கிக்கொண்டார். குரங்கு கேட்டால் கொடுத்துவிடுங்கள். பழத்தை மேலே வாங்கிக்கொள்ளலாம், இடுப்பெலும்பை வாங்க முடியாது.

மேலே கோயில் குகைக்குள் காலெடுத்து வைத்ததும் எல்லோரும் கைப்பேசியை உயர்த்துகிறார்கள். ஐந்து நிமிடம் அதை உள்ளே வையுங்கள். கூரை ஏறத்தாழ நூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கண் பழகப் பழக, மேலே தொங்கும் சுண்ணாம்புக் கூம்புகள் ஒன்றொன்றாகத் தெரியத் தொடங்கும். ஈரமாக இருக்கும் இடமாகப் பார்த்து உள்ளங்கையை நீட்டி நில்லுங்கள். ஒரு சொட்டு விழும். வெளியே வேர்த்து வந்த கைக்கு அது சில்லென்றிருக்கும். அந்தச் சொட்டு மழையாக மலைமேல் விழுந்து, மண்ணிலுள்ள கரியமிலவாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகி, சுண்ணாம்புப் பாறையை அரித்தபடி இறங்கி வந்தது. குகையின் காற்றைத் தொட்டதும் வாயு பிரிந்துவிடுகிறது. கரைந்திருந்த சுண்ணாம்பில் ஒரு துளியளவு கூரையிலேயே படிகிறது. இப்படிப் படிந்து படிந்துதான் அந்தக் கூம்புகள். இந்தப் பாறைக்கு வயது ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகள். இதை வகுப்பில் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். இங்கே கையில் சொட்டு விழுந்த பிள்ளைக்கு நான் படம் வரைய வேண்டியிருக்கவில்லை. எட்டும் உயரத்தில் இருக்கும் கூம்புகளைத் தொடாதீர்கள். நம் தோலின் எண்ணெய் ஒட்டினால் அந்த இடத்தில் சுண்ணாம்பு படிவது நின்றுபோகும்.

உட்பக்கம் இன்னும் சில படிகள் ஏறினால் கூரையே திறந்து வானம் தெரியும் இடம். அங்கே வள்ளி தெய்வானையோடு முருகன் இருக்கிறார். வெளிச்சம் பாறைச்சுவரில் வழுக்கி இறங்கும் அந்த மூலையில் பத்து நிமிடம் உட்காருங்கள்.

படிவழியில் பிரிந்து போகும் இருட்டுக்குகையைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளும் குடைவு அது. வௌவால்களும், இந்த மலையின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கிய அரிய கதவுச் சிலந்தியும் வாழும் இடம். திறந்திருக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். நான் கடைசியாகப் போனபோது அடைத்திருந்தது. அந்த உயிர்களுக்கு நம் காலடி இல்லாத இருள் கிடைப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

இறங்கும்போதுதான் கவனம் இரட்டிப்பாக வேண்டும். ஏறுவது மூச்சுக்கு வேலை, இறங்குவது முழங்காலுக்கும் தொடைக்கும் வேலை. ஒவ்வொரு படியிலும் தொடைத்தசை நீண்டுகொண்டே உடம்பின் முழு எடையையும் பிடித்து நிறுத்துகிறது. மறுநாள் காலையில் நாற்காலியிலிருந்து எழும்போது வலிப்பது இதனால்தான். கைப்பிடியில் எடையைக் கொடுத்து, வலிக்கும் காலை முதலில் கீழே வையுங்கள்.

கீழே வந்ததும் இளநீர். பிறகு இராமாயணக் குகை. சிறிய கட்டணம் உண்டு, சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வண்ண விளக்குகளுக்கு நடுவே இராமகாதை சிலைகளாக நிற்கிறது. பிள்ளைகளுக்குப் பிடித்தவன் கும்பகர்ணன். நீளமாகப் படுத்துக் கிடப்பான், சுற்றி நின்று எழுப்புவார்கள். எனக்கு இங்கே பிடித்தது குளிர்ச்சி. வேர்வை அடங்கி, துடிப்பு இயல்புக்கு வரும்வரை மெதுவாக நடந்து சுற்றுங்கள். உள்ளே மேலே ஏறும் படிகள் உண்டு; முழங்கால் முனகினால் கீழிருந்தே பார்த்துத் திரும்புங்கள்.

பசியாறுவது இரண்டு இட்லியோ ஒரு தோசையோ, அதோடு ஒரு தே தாரேக் (நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர்), அவ்வளவுதான். அடிவாரத்துச் சைவக் கடைகளில் எதுவும் சரியாகவே இருக்கும். பத்தரைக்குள் ரயிலில் உட்கார்ந்துவிடுங்கள்.

கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பேரங்காடி வழியாக ஜாலான் துன் சம்பந்தன் (‘ஜாலான்’ என்றால் சாலை) பக்கம் வெளியே வந்தால் பிரிக்பீல்ட்ஸ். பூக்கட்டுகிறவர்களைத் தாண்டி ஜாலான் தம்பிப்பிள்ளை பக்கம் திரும்புங்கள். இங்கே நடைபாதையில் மஞ்சள் நிறத்தில் புடைப்புக் கோடுகள் பதித்த ஓடுகள் ஓடும். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951இல் தொடங்கியது. அதன் இடம் இந்த வட்டாரத்தில்தான். அங்கே தொழில் கற்றவர்கள் பலர் இங்கேயே மசாஜ் நிலையம் வைத்தார்கள். அந்த மஞ்சள் கோடுதான் அவர்கள் வேலைக்கு வரும் பாதை. அதன்மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. நீங்களும் அந்தக் கோட்டின்மேல் நின்று பேசாதீர்கள், பெட்டியை வைக்காதீர்கள்.

பேரங்காடிகளில் மெழுகுவர்த்தியும் மெல்லிசையுமாக ஸ்பா இருக்கிறதே என்பார்கள். ஒரு முறை போனேன். கால் நீவிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பேக்கேஜை விற்றார்கள். என் முழங்காலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பிரிக்பீல்ட்ஸில் அறை சிறியது, திரைச்சீலைத் தடுப்பு, தலைக்கு மேல் மின்விசிறி. கையின் அறிவு மட்டும் பெரியது.

முன்கூட்டியே தொலைபேசியில் நேரம் கேட்டுக்கொள்வது நல்லது. பெண்கள், பெண் மசாஜ் செய்பவர் வேண்டுமென்று அப்போதே சொல்லிவிடுங்கள். உள்ளே போனதும் வாய்திறந்து வணக்கம் சொல்லுங்கள். எத்தனை பேர் வந்திருக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள். உங்கள் பையும் செருப்பும் நடைவழியில் கிடக்கக்கூடாது, சுவரோரம் வையுங்கள். நாற்காலியை நகர்த்தினால் இருந்த இடத்துக்கே திருப்புங்கள். அவர்களுக்கு அந்த அறை அங்குலம் அங்குலமாக மனத்தில் இருக்கிறது. ரத்த அழுத்தம், நீரிழிவு, அண்மையில் செய்த அறுவை சிகிச்சை, கர்ப்பம் எதுவானாலும் படுப்பதற்கு முன் சொல்லுங்கள். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைப்பு ஏற்பட்டிருந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகவே கூடாது. மலையேறி இறங்கிய கால் என்பதையும் சொல்லுங்கள். அப்போதுதான் தொடையையும் கெண்டைக்காலையும் முதலில் மென்மையாக நீவுவார்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு கிடப்பது வீரமல்ல. “அங்கே மெதுவாக” என்றால் போதும்.

நான் வழக்கமாகப் போவது தைப்பிங்கிலிருந்து வந்த ஒரு தமிழ்ப்பெண்ணிடம். முதல் நாள் அவரிடம் கால் வலி என்று மட்டும்தான் சொன்னேன். கெண்டைக்காலில் எண்ணெய் தேய்த்து, கட்டைவிரலைக் குதிகாலிலிருந்து மேலே மேலே நகர்த்திக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நின்றார். விரலை எடுக்கவில்லை, அழுத்தவுமில்லை. பிறகு கையை அப்படியே என் வலது இடுப்புக்குக் கொண்டுபோய், அங்கே பாக்குக்கொட்டை போல இறுகிக் கிடந்த ஒரு முடிச்சைத் தொட்டார். “இடது முழங்காலுக்குப் பயந்து எடையெல்லாம் இந்தப் பக்கம் போடுகிறீர்கள், அக்கா. ரொம்ப நாளாக” என்றார். நான் நடந்து அவர் பார்த்ததே இல்லை. அந்த முடிச்சின்மேல் முழங்கையை வைத்து, என் மூச்சு வெளியேறும்போது மட்டும் எடையைக் கூட்டினார், உள்ளிழுக்கும்போது தளர்த்தினார். ஆறேழு மூச்சில் அது இளகிற்று. நகர மருந்தகங்களில் தைலமாக வாங்கிப் பூசிய பல மாதங்கள் எனக்கு நினைவுக்கு வந்தன.

கடைசியாகப் போனபோது ஒரு மணி நேரத்துக்கு அறுபது வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். நிலையத்துக்கு நிலையம் மாறும், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், பேரம் பேசாதீர்கள். பணத்தை எண்ணி, “இது ஐம்பது, இது பத்து” என்று சொல்லிக் கையில் வையுங்கள். நம் நோட்டுகள் மதிப்புக்கேற்ப அளவு மாறுபவை. அவர் விரலில் வைத்து அளந்து உறுதிசெய்வார். அதற்குப் பொறுமையாக நில்லுங்கள்.

எழுந்தவுடன் நடக்கத் தொடங்காமல் கட்டிலோரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, வெதுவெதுப்பான நீர் குடியுங்கள். அதற்கு மேல்தான் வாழையிலை. இந்த ஒரு மதியம் சோறு, ரசம், மோர், இரண்டு கூட்டு என்று எதையும் தள்ளாதீர்கள். வெளியே வந்து தெருவோரத்தில் சூடாகப் பொரித்தெடுக்கும் வாழைப்பழப் பஜ்ஜியை, நம்மூரில் பீசாங் கோரேங் என்பதை, நான்கைந்து பொட்டலம் கட்டிக்கொள்ளலாம். மூன்று மணிக்கெல்லாம் கே.எல். சென்ட்ரலுக்குத் திரும்பிவிடுங்கள். கோலாலம்பூரில் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வலுக்கும். அது இறங்குவதற்குள் வீட்டுக்குள் இருப்பீர்கள், பஜ்ஜியும் ஆறியிருக்காது.