அந்த சென்ட் 25,000 ரூபாய்க்குத் தகுமா? உங்கள் கையிலேயே பார்த்துவிடலாம்

நிஷ் பெர்ஃப்யூம் (பெரிய பிராண்டுகள் மாதிரி எல்லோருக்குமாக இல்லாமல், சிறிய அளவில் செய்வதாகச் சொல்லும் சென்ட்) என்று 25,000, 30,000 ரூபாய்க்கு விற்கும் பாட்டில்களில், உள்ளே இருக்கும் திரவத்துக்கு ஆன செலவு நீங்கள் கொடுக்கும் காசில் சின்னப் பங்குதான். மீதியெல்லாம் கண்ணாடி, பெட்டி, விளம்பரம், கடை வாடகை, நம் ஊருக்கு வந்து சேரும்போது இறக்குமதி வரி, அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆகவே "இவ்வளவு விலை வைத்திருக்கிறான், சரக்கு இல்லாமலா இருக்கும்" என்கிற கணக்கு இங்கே செல்லாது. சரக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மூக்கை வைத்துத்தான் பார்க்க வேண்டும், அதற்கு ஒரு முழு நாள் ஆகும்.

எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. ஒரு மாலில் காகிதப் பட்டையில் அடித்துக் கொடுத்ததை முகர்ந்து, ஐந்தே நிமிடத்தில் மயங்கி, கார்டைத் தேய்த்துவிட்டு வந்தேன் (எந்தக் கம்பெனி என்பது வேண்டாம்). ஆரஞ்சுத் தோலும் மிளகும் சேர்ந்த மாதிரி அப்படி ஒரு வாசம். மறுநாள் அடித்துக்கொண்டு உட்கார்ந்தால் முக்கால் மணி நேரத்தில் ஆரஞ்சும் இல்லை, மிளகும் இல்லை. பக்கத்தில் வந்த மனைவி கேட்டது, "சோப்புத் தூள் மாத்திட்டீங்களா?"

நடந்தது இதுதான். எலுமிச்சை, பெர்கமாட், ஆரஞ்சு மாதிரி லேசான வாசனைகள் முதல் அரை மணி நேரத்திலேயே ஆவியாகிவிடும். கடையில் நாம் நிற்பதும் அந்த அரை மணி நேரம்தான். தயாரிக்கிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும், அதனால் ஆரம்பத்தைப் பிரமாதமாகச் செய்துவிட்டு அப்புறம் தோலில் தங்கி நிற்க வேண்டிய வாசனையில் கையை இறுக்கிக்கொள்கிற பாட்டில்கள் நிறைய உண்டு. நீங்கள் காசு கொடுப்பது மூன்றாவது மணி நேரத்துக்கும் ஆறாவது மணி நேரத்துக்கும்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் கடையில் வாங்காதீர்கள். 2 மி.லி. சாம்பிளோ 5 மி.லி. டீகேன்டோ (பெரிய பாட்டிலிலிருந்து சின்னக் குப்பியில் ஊற்றிக் கொடுப்பது) வாங்கி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம், அதே சாயலில் இருக்கிற மலிவான ஒன்றையும் கூடவே வாங்குங்கள், இது முக்கியம். கிரீட் அவென்டஸ் பார்க்கிறீர்கள் என்றால் ஆர்மாஃப் கிளப் டி நுயி இன்டென்ஸ் மேன். பக்காரா ரூஜ் 540 என்றால் ஸாராவின் ரெட் டெம்ப்டேஷன். வாசனை இல்லாத சோப்பில் குளித்துவிட்டு, வீட்டில் யாரிடமாவது சொல்லி ஒரு கையில் ஒன்று, மறு கையில் மற்றொன்று அடிக்கச் சொல்லுங்கள், எது எதில் என்று உங்களிடம் சொல்லக் கூடாது. பத்து நிமிடம், ஒரு மணி, மூன்று மணி, ஆறு மணி என்று நான்கு முறை முகர்ந்து, தோன்றியதை எழுதிவையுங்கள். எது விலை உயர்ந்தது என்று கண்டுபிடிப்பது ஒரு விளையாட்டு, அவ்வளவுதான். மறுபடி மறுபடி எந்தக் கையை மூக்குக்குக் கொண்டுபோகிறீர்கள் என்று கவனியுங்கள். என் அனுபவத்தில் மலிவானது மாட்டிக்கொள்வது இரண்டு இடங்களில்: முதல் பத்து நிமிடம் மூக்கில் குத்தும், நான்காவது மணிக்கு மேல் ஒரே தட்டையாகக் கிடக்கும். நடுவில் பல சமயம் வித்தியாசமே தெரியாது.

பக்காரா ரூஜ் 540-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். பக்காரா என்கிற பிரெஞ்சுக் கண்ணாடிக் கம்பெனியின் 250-ஆவது ஆண்டுக்காக ஃப்ரான்சிஸ் குர்க்ஜான் என்ற சென்ட் தயாரிப்பாளர் 2014-இல் கொஞ்சமே கொஞ்சம் செய்து, அடுத்த வருடம் எல்லோருக்கும் விற்பனைக்கு வந்தது. பஞ்சுமிட்டாய் வாசம் எத்தில் மால்டால் என்ற செயற்கை வாசனைப் பொருளிலிருந்து வருகிறது, கூடவே அம்ப்ராக்ஸான் என்ற இன்னொன்று. இரண்டும் அபூர்வமான பொருள் கிடையாது, மலிவான சென்ட்களிலும் இருக்கின்றன. அங்கே காசு கொடுப்பது அந்தக் கலவையை முதலில் யோசித்ததற்கு. அது தப்பு என்று சொல்லவில்லை, சமையலில் கைப்பக்குவத்துக்கும் ஒரு விலை உண்டுதானே. ஆனால் "அரிய மூலப்பொருள்" என்று கடைக்காரர் ஆரம்பித்தால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். இன்னும் வெளிப்படையான கேஸ் 2006-இல் கேசா ஷோன் என்ற சென்ட் தயாரிப்பாளர் கொண்டுவந்த மாலிக்யூல் 01, உள்ளே வாசனைப் பொருள் என்று இருப்பது ஐசோ இ சூப்பர் என்ற செயற்கைப் பொருள் ஒன்றே ஒன்று. நிறையப் பேருக்கு அதன் வாசமே தெரியாது.

மூலப்பொருள் விஷயத்தில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு மூன்று நான்கு டன் பூ வேண்டும், ஐரிஸ் கிழங்கை வருடக்கணக்கில் காயவைக்க வேண்டும் என்றெல்லாம் சொல்வார்கள், உண்மைதான், ஆனால் அசல் ரோஜா எண்ணெய் எப்படி மணக்கும் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? மல்லி அப்படி இல்லை. தமிழ்நாட்டு மல்லியும் ஜாதிமல்லியும் சாறெடுக்கப்பட்டு உலகம் முழுக்க சென்ட் கம்பெனிகளுக்குப் போகின்றன, நாமோ பிறந்ததிலிருந்து அதை முகர்ந்துகொண்டிருக்கிறோம். சாயங்காலம் வைத்த பூ மறுநாள் காலையில் தலையணையில் வாடிக் கிடக்கும்போது ஒரு கெட்டுப்போன மாதிரி, ஆனாலும் வெறுக்க முடியாத வாசம் வருமே, மல்லியிலேயே இருக்கும் இண்டோல் என்ற வேதிப்பொருள் செய்கிற வேலை அது. பாட்டிலில் அது துளியாவது இருந்தால் யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள், வெறும் சுத்தமான வெள்ளை வாசமாக இருந்தால் பெரும்பாலும் சோப்பு மல்லிதான். சந்தனம் என்று போட்டிருந்தால் கட்டையை உரைத்த ஞாபகம் வருகிறதா, அந்தப் பால் மாதிரியான வழவழப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வெட்டிவேர் (ஆங்கிலத்துக்கு அந்தச் சொல்லே நம்மிடமிருந்து போனதுதான்) என்றால் பானைத் தண்ணீரும் ஈர மண்ணும் தெரிய வேண்டும். ஊத் என்பது நம் அகில்தான். பாட்டிலில் ஊத் என்று போட்டிருப்பதில் பெரும்பாலானவை செயற்கைக் கலவை. செயற்கை என்பதால் மட்டம் என்று ஆகிவிடாது, நல்ல சென்ட்களில் பாதிக்கு மேல் அதுதான். அசலுக்கான விலையை வாங்கிக்கொண்டு செயற்கையைக் கொடுப்பதுதான் பிரச்சினை.

"எத்தனை மணி நேரம் நிற்கும்?" எல்லோரும் முதலில் கேட்பது இதை. மோசமான கேள்வி. மலிவான மரவாசனை மூலக்கூறுகள் சட்டையைத் துவைத்தாலும் போகாது, நல்ல எலுமிச்சை எண்ணெய் இரண்டு மணி நேரத்தில் போய்விடும். தவிர, உங்கள் மூக்கு பழகிவிடும். அம்ப்ராக்ஸான், கஸ்தூரி வகைகளில் இது அதிகம், ஒரு மணி நேரத்தில் உங்களுக்கு ஒன்றுமே தெரியாது, ஆபீஸ் லிஃப்டில் கூட நிற்கிறவருக்குத் தலைவலி வந்திருக்கும். அடுத்தவரைக் கேட்பது ஒன்றுதான் வழி. அதோடு ஏசி கடையில் அளவாக மணக்கிற இனிப்பு சென்ட், மே மாதம் மத்தியானம் பஸ்ஸில் நிற்கும்போது ஊதிப் பெருத்துவிடும், சாம்பிளை அப்படி ஒரு நாளிலும் அடித்துப் பாருங்கள்.

சிறு பட்டறை, கைவினை என்கிற கதைக்கும் தனியாகக் காசு தர வேண்டியதில்லை. இப்படிப் பேர் வாங்கிய கம்பெனிகள் பல பெரிய நிறுவனங்களுக்கு விற்கப்பட்டுவிட்டன: லே லாபோவும் ஃப்ரெடெரிக் மாலும் 2014-இல் எஸ்டே லாடரிடம் போயின, குர்க்ஜானின் கம்பெனி 2017-இல் எல்.வி.எம்.எச்.சிடம், கிரீட் 2023-இல் கெரிங்கிடம். பழைய விமர்சனங்களையும் அப்படியே நம்பாதீர்கள். லிலியால் என்ற செயற்கை வாசனைப் பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச்சில் தடை செய்தது, அது போட்டிருந்த சென்ட்களையெல்லாம் மாற்றிச் செய்ய வேண்டியதாயிற்று. பெயரும் பாட்டிலும் அதேதான், உள்ளே இருப்பது வேறு.

சரி, பிடித்துவிட்டது என்றால் கணக்கு. ஒரு அழுத்தலுக்குச் சுமார் 0.1 மி.லி. வரும். 70 மி.லி. 25,000 ரூபாய் என்றால் 700 அழுத்தல், ஒன்று 36 ரூபாய். நாளைக்கு நான்கு அடித்தால் கிட்டத்தட்ட 145 ரூபாய். முகூர்த்த நாளில் மல்லி வாங்குகிறவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சியாக இருக்காது. தினமும் 145 கொடுக்கிற அளவுக்குப் பிடித்திருக்கிறதா என்று டீகேன்டே சொல்லிவிடும், 5 மி.லி. எவ்வளவு நாளில் தீர்கிறது என்று மட்டும் பாருங்கள்.

என் பக்காரா ரூஜ் டீகேன்ட் எட்டு மாதமாகப் பாதியிலேயே நிற்கிறது, யாராவது கேட்டால் கொடுத்துவிடுவேன். ஃப்ரெடெரிக் மாலின் வெட்டிவேர் எக்ஸ்ட்ராஆர்டினேர் மூன்றே வாரத்தில் காலி, கடைசி இரண்டு நாள் பாட்டிலைக் கவிழ்த்து அடித்துக்கொண்டிருந்தேன். அதற்குத்தான் இப்போது காசு சேர்க்கிறேன், வீட்டில் இன்னும் சொல்லவில்லை.