எம்ஜிபி காரின் இரட்டை எஸ்யூ கார்புரேட்டரை நீங்களே டியூன் செய்யலாம்

வண்டி ஐட்லிங்கில் தள்ளாடினாலோ, ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது திணறினாலோ எம்ஜிபி வைத்திருப்பவர்கள் முதலில் கை வைப்பது, காற்றோடு பெட்ரோலைக் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் எஸ்யூ நிறுவனக் கார்புரேட்டரில்தான். பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படுவது அந்த இரண்டு அலுமினியக் குடங்கள்தானே! ஆனால் கோளாறு பெரும்பாலும் இக்னிஷனில், அதாவது தீப்பொறி தரும் அமைப்பில், இருக்கும். அதைச் சரிசெய்யாமல் கார்புரேட்டரைத் திருகினால், இருக்கிற ஒரு கோளாறோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். அதனால் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: இக்னிஷன், காற்று, கடைசியில் பெட்ரோல்.

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் தயாரான கார். 1798 சிசி எஞ்சின், நான்கு சிலிண்டர். இங்கே சொல்வது பக்கவாட்டில் தனி ஃப்ளோட் சேம்பர் (பெட்ரோல் தேங்கும் சின்ன அறை) உள்ள ஹெச்எஸ்4 மாடல் கார்புரேட்டருக்கு. 1970களில் வந்த ஹெச்ஐஎஃப்4-இல் ஃப்ளோட் உள்ளேயே இருக்கும், மிக்ஸ்சர் திருகும் இடமும் வேறு.

1. முதலில் பார்க்க வேண்டியவை

பிளக் இடைவெளி 0.025 அங்குலம், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம், டேப்பெட்டும் (வால்வு இடைவெளி) 0.015 அங்குலம். டைமிங் உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளபடி. டேப்பெட்டுக்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு: எட்டு வால்வில் எது முழுக்கத் திறந்திருக்கிறதோ, அந்த எண்ணை ஒன்பதிலிருந்து கழியுங்கள். வருகிற எண்ணுள்ள வால்வை செட் செய்யலாம். அதாவது, 1 திறந்திருந்தால் 8-ஐ. வண்டியில் உள்ள போல்ட்டுகள் அங்குல அளவு, அதனால் அங்குல ஸ்பேனர் செட் வாங்கிவிடுங்கள். 13 எம்எம் ஸ்பேனர் அரை அங்குல நட்டில் உட்கார்ந்த மாதிரி தெரியும், கொஞ்ச நாளில் முனை மழுங்கிவிடும்.

2. பிஸ்டன் விழும் சத்தம்

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஏர் ஃபில்டர் இரண்டையும் கழற்றுங்கள். கார்புரேட்டரின் வாய்க்குள் விரலை விட்டு, அதில் உள்ள பிஸ்டனை (எஞ்சின் பிஸ்டன் அல்ல) மேலே தூக்கி விடுங்கள். ‘டக்’கென்று உலோகச் சத்தத்தோடு விழ வேண்டும். இழுத்துக்கொண்டு இறங்கினால் மேல் மூடியைக் கழற்றி, மூடியின் உட்புறத்தையும் பிஸ்டனையும் பெட்ரோலில் துடைத்துக் காய விடுங்கள். பிஸ்டனின் பக்கங்களில் எண்ணெய் போடாதீர்கள். மூடியும் பிஸ்டனும் ஜோடியாகப் பொருத்தப்பட்டவை, முன் கார்புரேட்டரில் உள்ளதைப் பின் கார்புரேட்டரில் உள்ளதோடு மாற்றிவிடக் கூடாது. கழற்றும் முன் பென்சிலால் அடையாளம் போட்டுக்கொண்டால் நல்லது.

3. ஜெட்டின் ஆரம்ப நிலை

சோக் முழுக்க உள்ளே இருக்கட்டும். கார்புரேட்டரின் அடியில் உள்ள அறுபட்டை நட்டுதான் மிக்ஸ்சர் நட்டு. அதைத் திருகி ஜெட்டை (பெட்ரோல் வரும் சின்னக் குழாயை) முழுக்க மேலே ஏற்றிவிட்டு, பிறகு 12 பட்டை, அதாவது இரண்டு சுற்று, கீழே இறக்குங்கள். இரண்டிலும் அப்படியே.

4. காற்றைச் சமப்படுத்துதல்

இனி எஞ்சின் ஓடும் வேலை. திறந்த வெளியில் செய்யுங்கள், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வரட்டும். இரண்டு த்ராட்டிலையும் (காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் தகடு) இணைக்கும் கம்பியின் கிளாம்ப்புகளைத் தளர்த்துங்கள், இல்லாவிட்டால் ஒன்றைத் திருகும்போது மற்றதும் அசையும்.

ஒன்றரை அடி ரப்பர் குழாய் போதும், விலை உயர்ந்த மீட்டர் தேவையில்லை என்பது என் கட்சி. ஒரு முனை காதில், மறு முனை கார்புரேட்டரின் வாயில். குக்கர் விசில் அடிக்கும் முன் வருகிற மாதிரி ஒரு சீற்றம் கேட்கும். முன்னதில் கேளுங்கள், அதே இடத்தில் வைத்துப் பின்னதிலும் கேளுங்கள். சீற்றம் பலமாக உள்ள பக்கத்தின் ஐட்லிங் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தி, மற்றதைக் கொஞ்சம் இறுக்கி இரண்டையும் ஒன்றாக்குங்கள். முடித்ததும் ஐட்லிங் 800 ஆர்பிஎம் சுற்றுவட்டாரத்தில் இருந்தால் போதும்.

5. மிக்ஸ்சர்

மூடிக்குக் கீழே பக்கவாட்டில் சின்ன ஊசி போல ஒரு பின் இருக்கும். மேலே அழுத்தினால் கொஞ்ச தூரம் சும்மா நகரும், அப்புறம் பிஸ்டனைத் தொடுவது விரலுக்குத் தெரியும். அங்கிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கி எஞ்சினைக் கவனியுங்கள்.

வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், நட்டை ஒரு பட்டை மேலே ஏற்றுங்கள். எஞ்சின் உடனே தளர்ந்தாலோ நின்றாலோ பெட்ரோல் குறைவு, ஒரு பட்டை கீழே இறக்குங்கள். ஒரு கணம் லேசாக ஏறித் திரும்ப இறங்கினால் சரி, விட்டுவிடுங்கள். நட்டை மேலே ஏற்றும்போது ஜெட்டையும் விரலால் மேலே அழுத்துங்கள். அது நட்டோடு ஒட்டாமல் கீழேயே தங்கிவிட்டால், நீங்கள் திருகுவதற்கும் எஞ்சின் கேட்பதற்கும் சம்பந்தமே இருக்காது.

சைலன்சர் சத்தமும் உதவும். கறுப்புப் புகையோடு தாளம் தவறாமல் மிஸ் ஆனால் பெட்ரோல் அதிகம். புகையில்லாமல் தாறுமாறாக மிஸ் ஆனால் குறைவு.

இந்த வேலை மூன்று நிமிடத்துக்கு மேல் இழுத்தால் அரை நிமிடம் 2,500 ஆர்பிஎம்மில் ஓடவிட்டுத் தொடருங்கள். முன்னதைச் சரிசெய்து பின்னதுக்குப் போனால் முன்னது லேசாக மாறியிருக்கும், திரும்ப ஒரு தடவை பாருங்கள். ஐட்லிங் கூடியிருந்தால் இரண்டு ஸ்க்ரூவையும் ஒரே அளவு குறையுங்கள்.

6. திரும்பப் பூட்டுதல்

கிளாம்ப்பை இறுக்கிவிட்டு, ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தால் இரண்டு த்ராட்டிலும் ஒரே நேரத்தில் திறக்கிறதா பாருங்கள். சோக் கேபிளில் கொஞ்சம் தளர்வு இருக்க வேண்டும். எஸ்யூவில் சோக் இழுத்தால் ஜெட்டே கீழே இறங்கும். கேபிள் விறைப்பாக இருந்தால் சோக் எப்போதும் கொஞ்சம் இழுத்த நிலையில்தான் ஓடும். மேல் மூடியின் திருகைக் கழற்றி, பிஸ்டன் தண்டின் நுனிக்கு அரை அங்குலம் மேல் வரை 20 கிரேடு எஞ்சின் ஆயில் ஊற்றுங்கள். ஏர் ஃபில்டரை மாட்டுங்கள்.

நல்ல சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளிர் பழுப்பு நிறம் வேண்டும். முன் கார்புரேட்டர் 1, 2 சிலிண்டர்களுக்கும், பின்னது 3, 4-க்கும் ஊட்டுகிறது. 1, 2 வெளுத்துப்போய், மற்ற இரண்டும் நன்றாக இருந்தால் முன்னதை மட்டும் ஒரு பட்டை இறக்குங்கள், பின்னதைத் தொட வேண்டாம்.