சின்சில்லாக் குட்டி திடீரென இறந்துவிட்டால்

நேற்று இரவு மணலில் புரண்டு விளையாடிய ஒரு வயதுச் சின்சில்லா (அடர்ந்த மென்மயிர் கொண்ட சிறு கொறிவிலங்கு), காலையில் கூண்டில் அசையாமல் கிடக்கிறது. "எதைக் கவனிக்கத் தவறினேன்?" என்ற கேள்விதான் அதிகம் வாட்டும். தயவுசெய்து உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். இரையாகும் விலங்கான சின்சில்லா நோயைக் கடைசிவரை மறைத்துவிடும்.

காரணம் தெரியவேண்டுமா? உடலைத் துணியில் சுற்றிப் பையிலிட்டு, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறையவிட்டால் திசுக்கள் சிதைந்துவிடும். அன்றே கால்நடை மருத்துவரிடம் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். சின்சில்லாவுக்கு வெப்பம் ஆகாது என்பதால், அறையின் வெப்பம் 25 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

துணைக் குட்டி இருந்தால் உலர்புல் குறைகிறதா, புழுக்கை விழுகிறதா என்று பாருங்கள். அரைநாள் உண்ணாவிட்டால் உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். மணல் கிண்ணத்தைக் கழுவுமுன், அதில் பதிந்திருக்கும் சின்னஞ்சிறு கால்தடங்களைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.